பார்க்கவில்லை என்று சொல்லவும் ஒரு சைகை உண்டு

உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 31 ஆண்டுகள் கைப்பந்துப் போட்டிகளில் நடுவராகவும் தடகளப் போட்டிகளில் டைம்கீப்பராகவும் நின்றிருக்கிறேன். ஆடுகிறவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று, ஆட்டத்தை நடத்திக் கொடுக்கிறவர்களைப் பற்றியும் வாசகர்கள் கேட்கட்டும் என்று இதழாசிரியர் ஒரு பக்கம் ஒதுக்கித் தந்திருக்கிறார். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ரெஃப்ரி, அம்பயர், ஜட்ஜ் என்று விளையாட்டுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். தமிழில் எல்லாரையும் நடுவர் என்றுதான் எழுதுகிறோம். எல்லாருக்கும் ஒரே வேலைதானா, டீச்சர்? (பத்தாம் வகுப்பு மாணவர்)

பதில்: இல்லை தம்பி. டென்னிஸை எடுத்துக்கொண்டால் சட்டென்று விளங்கும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அம்பயர். கோட்டைக் கருவி பார்க்காத ஆட்டங்களில் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா, இரண்டு முறை தரையில் பட்டதா என்பதிலெல்லாம் அவர் சொல்வதே முடிவு. இந்த மாதிரி நேரத்தில் விதி என்ன சொல்கிறது என்று வீரருக்குச் சந்தேகம் வந்தால் ரெஃப்ரியைக் கூப்பிடச் சொல்லலாம். அவர் வந்து விதியைச் சொல்வார். பந்து எங்கே விழுந்தது என்ற பேச்சுக்குள் நுழையமாட்டார். நடந்தது என்ன என்பது ஒருவர் பொறுப்பு, அதற்கு விதி என்ன என்பது இன்னொருவர் பொறுப்பு.

கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் அம்பயர்கள் அவுட் கொடுப்பார்கள். மேட்ச் ரெஃப்ரி அதில் தலையிடமாட்டார், வீரர்களின் நடத்தைதான் அவர் கணக்கு. கைப்பந்தில் முதல் நடுவர் வலையின் ஒரு முனையில் மேடைமேல் நிற்பார். எதிர் முனையில், தரையில், இரண்டாவது நடுவர். கோடுகளுக்கு லைன் ஜட்ஜ்கள். மேசையில் ஸ்கோரர்.

இந்த ஸ்கோரரை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. கிரிக்கெட்டில் அம்பயர் பவுண்டரி என்று கை அசைத்தால், ஸ்கோரர் பதிலுக்குக் கை காட்ட வேண்டும். அந்தப் பதில் வரும்வரை அடுத்த பந்தை வீச விடக் கூடாது என்பது விதி. கைப்பந்து ஸ்கோரர் பாடு இன்னும் கஷ்டம். யாருக்குப் பிறகு யார் சர்வீஸ் போட வேண்டும் என்ற வரிசை அவர் தாளில் இருக்கிறது. தவறான ஆள் பந்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பது அவருக்கு முன்பே தெரிந்துவிடும். ஆனாலும் வாய் திறக்கக் கூடாது. பந்தை அடித்த பிறகுதான் பஸரை அழுத்த வேண்டும். முன்கூட்டியே எச்சரித்தால் அந்த அணிக்கு உதவி செய்ததாக ஆகிவிடும். தெரிந்ததை வைத்துக்கொண்டு சரியான நொடிக்காகக் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று ஒருமுறை அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

கேள்வி: என் மகள் கல்லூரி அணியில் கைப்பந்து ஆடுகிறாள். இப்போது நடுவர் தேர்வு எழுதப் போகிறேன் என்கிறாள். விசில் ஊதுவதற்கு எதற்கு இவ்வளவு படிப்பு? (ஒரு தாய்)

பதில்: விசில் ஊதுவது கடைசியில் வருவது, அம்மா. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் நிறைய.

வலையின் உயரத்தை அளக்க வேண்டும். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். நடுவில் அளந்தால் மட்டும் போதாது. இரண்டு பக்கக் கோடுகளுக்கு மேலேயும் அளக்க வேண்டும். அந்த இரண்டும் சமமாக இருக்க வேண்டும், நடு உயரத்தைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. பந்தின் எடை 260 முதல் 280 கிராம். வீராங்கனைகளின் மோதிரம், வளையல், கூர்மையான கிளிப் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அப்புறம் தரை. நான் ஆடுகளம் முழுக்க ஒருமுறை நடந்து பார்ப்பேன். ஈரம் இருக்கிறதா, ஆணி ஏதும் கிடக்கிறதா என்று கால் சொல்லிவிடும்.

ஒரு மகளிர் இறுதிப் போட்டி. வலைக் கம்பியை இறுக்குகிற கைப்பிடி, கம்பத்திலிருந்து இடுப்பு உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முனை துருவேறிக் கூராக இருந்தது. கம்பத்தைச் சுற்றி மெத்தை கட்டித் தாருங்கள் என்றேன். "நேற்று வரைக்கும் இதில்தானே ஆடினார்கள்" என்றார் அமைப்பாளர். சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கைதட்டி அவசரப்படுத்துகிறது. நான் மேடையில் ஏறவே இல்லை, கீழேயே நின்றேன். 40 நிமிடம் ஆயிற்று. உயரம் தாண்டும் மெத்தையின் கிழிந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கயிறு போட்டுக் கட்டினார்கள். மூன்றாவது செட்டில் ஒரு பெண் பந்தைத் துரத்திக்கொண்டு வந்து அதே கம்பத்தில் இடுப்போடு மோதினாள். எழுந்தாள், இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள், சர்வீஸ் போடப் போய்விட்டாள். அந்த அமைப்பாளர்கள் அதற்குப் பிறகு என்னை ஒருமுறைகூட அழைக்கவில்லை. அது பரவாயில்லை.

எந்த விளையாட்டானாலும் நடுவரின் முதல் பொறுப்பு ஆடுகிறவர்களின் உடம்பு. கால்பந்தில் ஒருவருக்குப் பெரிய அடி என்று தோன்றினால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். அமெச்சூர் குத்துச்சண்டையில் விழுந்தவர் உடனே எழுந்து நின்றாலும் எட்டு எண்ணி முடிக்கும்வரை சண்டை தொடராது. எண்ணுகிற நேரம் முழுக்க ரெஃப்ரி அவருடைய கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கண் நிலைகொள்ளவில்லை என்றால் அத்தோடு சண்டை முடிந்தது. உங்கள் மகள் தேர்வு எழுதட்டும்.

கேள்வி: தடகளப் போட்டிகளில் டைம்கீப்பராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தினால், மூத்தவர் ஒருவர் திட்டுகிறார். சத்தம் கேட்டதும்தானே அழுத்த முடியும்? (உடற்கல்வி பயிலும் மாணவர்)

பதில்: அவர் திட்டியது சரிதான். சத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது, புகையைப் பார்க்க வேண்டும். நேர்கோட்டில் ஓடும் 100 மீட்டர் ஓட்டத்தில் நீங்கள் நிற்பது முடிவுக் கோட்டில், துப்பாக்கி இருப்பது 100 மீட்டருக்கு அப்பால். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அந்தச் சத்தம் உங்கள் காதுக்கு வந்து சேருவதற்குள் கிட்டத்தட்ட 0.3 வினாடி ஓடிவிடும். ஓடுகிற பிள்ளை உண்மையில் ஓடியதைவிட அவ்வளவு வேகமாக ஓடியதாக உங்கள் கடிகாரம் சொல்லும். அது பொய்க் கணக்கு.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பழகச் சொன்னார். நானும் பல மாலைகள் அப்படிப் பழகினேன். ஸ்டார்ட்டர் கையை உயர்த்தியதும் என் கண் துப்பாக்கி முனையை விட்டு அகலாது. கட்டை விரல் பொத்தான்மேல் தொட்டும் தொடாமலும் இருக்கும். வெண்மையாக ஒரு பொட்டு தெரிந்ததும் அழுத்துவேன். சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். முடிவில் தலையையோ நீட்டிய கையையோ பார்க்காதீர்கள். மார்பும் வயிறுமாக உள்ள நடு உடல் எப்போது கோட்டைத் தொடுகிறதோ அதுதான் கணக்கு.

இன்னொன்று. உங்கள் கடிகாரத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டாதீர்கள், அவருடையதையும் எட்டிப் பார்க்காதீர்கள். மூன்று பேர் ஒரே ஆளுக்கு நேரம் எடுத்தால் மூவரும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. இரண்டு கடிகாரம் ஒத்துப்போனால் அதுதான் நேரம், மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ளது. உங்களுடையது மட்டும் தனியாக நிற்கிறதே என்று வெட்கப்பட்டு மாற்றி எழுதினால், மூன்று பேரை நிறுத்தியதற்கே பொருள் இல்லாமல் போய்விடும். நான் புதிதாக இருந்தபோது ஒருமுறை அப்படி மாற்றி எழுதியிருக்கிறேன். 0.2 வினாடி. அந்தப் பையனின் நீல நிற பனியன் இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி: 2011 உலகத் தடகளப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட்டை முன்னதாகப் புறப்பட்டார் என்று வெளியேற்றினார்களே. அவரைப் பார்க்கத்தானே அத்தனை பேரும் வந்திருந்தார்கள்? (விளையாட்டு ரசிகர்)

பதில்: தென் கொரியாவின் டேகு நகரில் நடந்தது. ஒரே ஒரு தவறான புறப்பாட்டுக்கே வெளியேற்றம் என்ற விதி அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. போல்ட் கிளம்பியது கண்ணுக்கே தெரிந்தது. அந்த ஓட்டத்தில் நின்ற மற்றவர்களும் அதே விதியை நம்பித்தான் துப்பாக்கிக்காகக் காத்திருந்தார்கள். ஸ்டார்ட்டருக்கு வேறு வழியே கிடையாது.

ஆனால் ஸ்டார்ட்டருக்கும் ஒரு கடமை உண்டு. "செட்" சொன்ன பிறகு எல்லாரும் அசையாமல் நிற்கும்வரை அவர் சுடக் கூடாது. யாராவது ஆடிக்கொண்டிருந்தால் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி தொடங்க வேண்டும். பதற்றத்தில் சீக்கிரம் சுட்டுவிட்டு, பிள்ளைகள்மேல் பழி போடுகிற ஸ்டார்ட்டர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய அநியாயம்.

கேள்வி: நடுவர் தவறு செய்தால் அவருக்கு என்ன தண்டனை? வீரர் தவறு செய்தால் அட்டை காட்டுகிறார்கள், இவர்களுக்கு? (கால்பந்து ரசிகர்)

பதில்: தண்டனை உண்டு. அடுத்த சுற்றில் போட்டி தரமாட்டார்கள், தரம் இறங்கும். 2006 உலகக் கோப்பையில் குரோஷியா, ஆஸ்திரேலியா ஆட்டத்தில் கிரகாம் போல் என்ற ரெஃப்ரி ஒரே வீரருக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவதிலேயே வெளியே அனுப்பியிருக்க வேண்டும். குரோஷியாவின் 3-ஆம் எண் வீரருக்குக் காட்டிய அட்டையை ஆஸ்திரேலியாவின் 3-ஆம் எண்ணுக்கு நேரே குறித்துவிட்டார். மூத்த, நல்ல ரெஃப்ரி. பென்சில் ஒரு வரிசை மாறிப் போயிற்று, அவ்வளவுதான். அந்த உலகக் கோப்பையில் அதற்கு மேல் அவருக்கு ஆட்டம் இல்லை.

கால்பந்தில் தவறு என்று தெரிந்தால் ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் ரெஃப்ரி முடிவை மாற்றலாம். தொடங்கிவிட்டால் பொதுவாக முடியாது. அப்புறம் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் கடினமான பகுதி.

2010 ஜூன் 2 அன்று அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் ஆட்டம். டெட்ராய்ட் அணியின் அர்மாண்டோ கலராகா பந்து வீசுகிறார். எதிரணியின் 26 பேர் வரிசையாக அவுட். ஓடிச் சேர வேண்டிய தளத்தை ஒருவர்கூடத் தொடவில்லை. 27-வது ஆளும் அவுட் ஆனால் அந்த விளையாட்டில் மிக அரிதான சாதனை. அந்த ஆள் தளத்தை மிதிப்பதற்கு முன்பே பந்து வந்துவிட்டது. ஆனால் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் கையை விரித்து, அவுட் இல்லை என்றார். ஆட்டம் முடிந்து படத்தைப் போட்டுப் பார்த்தபோது தன் தவறு அவருக்கே தெரிந்தது. கலராகாவிடம் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். மறுநாளும் அதே அணிகள் ஆடின, ஜாய்ஸ்தான் பிரதான அம்பயர். அணிப் பட்டியலை அவர் கையில் கொடுக்கக் கலராகாவே நடந்து வந்தார். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலை வாங்கினார். அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கும் நடந்தது. செட் 23-23. அடித்த பந்து வெளியே போய் விழுந்தது. லைன் ஜட்ஜ் கொடியை நிமிர்த்தி அதன் முனையை உள்ளங்கையால் தொட்டுக் காட்டினார். தடுத்தவரின் கையில் பட்டுத்தான் வெளியே போனது என்று பொருள். எனக்கு அப்படித் தெரியவில்லை. என் கண்ணை நம்பி அவரை மீறி முடிவு சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் தடுத்த பெண்ணே என்னிடம் வந்து, "டீச்சர், என் சுண்டு விரலில் பட்டது" என்றாள். அவள் அணிதான் ஜெயித்திருந்தது. தோற்ற அணியின் பயிற்சியாளரிடம் போய் என் தவறு என்று சொன்னேன். பிறகு அந்த லைன் ஜட்ஜிடமும் சொன்னேன். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

ஒன்று மட்டும் செய்யக் கூடாது. இந்த அணிக்குத் தவறு செய்துவிட்டோம், அடுத்ததில் ஈடுகட்டிவிடலாம் என்ற நினைப்பு வரவே கூடாது. அப்படிச் செய்தால் முதல் தவறு அறியாமல் செய்தது, இரண்டாவது அறிந்தே செய்தது.

கேள்வி: கேமராவும் கணினியும் வந்துவிட்டன. இனி மனிதர்கள் எதற்கு? (பொறியாளர்)

பதில்: 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர்தான் டிவி அம்பயர் முடிவால் ரன் அவுட் ஆன முதல் வீரர். 2006-இல் அமெரிக்க ஓப்பன் டென்னிஸில், பந்து விழுந்த இடத்தைக் கேமராக்களால் கணக்கிடும் ஹாக்-ஐ வந்தது. 2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் வீடியோ உதவி ரெஃப்ரி. 2025 விம்பிள்டனில் கோட்டு நடுவர்களே இல்லை, எல்லாக் கோட்டையும் கருவியே பார்த்தது. கோடு விஷயத்தில் கருவி என்னைவிட நன்றாகப் பார்க்கிறது. அதை மறுக்க எனக்கு மனம் வராது. சரியான முடிவு கிடைக்கிறதே, அதுதான் வேண்டும். ஆனால் பந்து விழுந்த நொடியில் கை நீட்டப் பழகி, அதற்காகவே வாழ்ந்தவர்களை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

கால்பந்தில் ஒருவரைத் தட்டிவிடுகிறார்கள், ஆனாலும் பந்து அவர் அணியிடமே இருக்கிறது, முன்னால் கோல் திறந்து கிடக்கிறது. விசில் ஊதினால் தப்பு செய்தவனுக்கு லாபம். ஊதாமல் இரு கைகளையும் முன்னே நீட்டி, ஆடு என்று விடுகிறாரே, அதை அரை வினாடியில் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பேர் முறைத்துக்கொள்ளும்போது, அடிதடி ஆவதற்கு முன்பே நடுவில் போய் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும்.

கேள்வி: என் தம்பி ஆடும் அணிக்கு நானே நடுவராக நிற்கச் சொல்கிறார்கள். நான் நேர்மையாகத்தான் நடந்துகொள்வேன். நிற்கலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: கூடாது. உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தோற்ற அணி வீட்டுக்குப் போகும்போது தோல்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும், சந்தேகத்தைச் சேர்த்துச் சுமக்கக் கூடாது. போட்டிக்கு முன்பே அமைப்பாளரிடம் உறவைச் சொல்லி விலகுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் முன்பு ஒரு போட்டியில் தோற்ற அணியின் ஆட்கள் என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதிலிருந்து விசிலைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது. (21 வயது கைப்பந்து நடுவர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பயப்படுவதில் தவறே இல்லை. எனக்கும் அந்த மாதிரி ஒரு மாலை உண்டு. இருட்டும்வரை ஸ்கோர் மேசைக்கு அடியில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை எழுதிக் கொடுத்தீர்களா? அன்றே கொடுக்கவில்லை என்றால் இப்போதாவது கொடுங்கள். யார், எந்த நேரம், என்ன சொன்னார், எங்கே தொட்டார் என்று மட்டும் எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம். அடுத்த முறை நிற்பதற்கு முன் அமைப்பாளரிடம் கேளுங்கள்: ஆட்டம் முடிந்ததும் நடுவர்களை யார் அழைத்துப் போவார்கள், எந்த வழியாக? பதில் இல்லை என்றால் அந்தப் போட்டியை ஏற்காதீர்கள்.

ஆட்டத்துக்குள் உங்களிடம் விளக்கம் கேட்கும் உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். மற்றவர்கள் பேச வந்தால் அவர்கள் பக்கம் திரும்பாமல் கேப்டனைக் கூப்பிடுங்கள். அத்துமீறும் அறிகுறி தெரிந்ததும் மஞ்சள் அட்டையைக் காட்டிவிடுங்கள். கைப்பந்தில் மஞ்சள் என்பது எச்சரிக்கைதான், புள்ளி போகாது. சிவப்பு காட்டினால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும் போகும். தாமதமாகக் காட்டிய அட்டையால்தான் பெரும்பாலும் கைகலப்பு வருகிறது. அட்டை காட்டும்போது குரலை உயர்த்தாதீர்கள்.

முதலில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் போய் நில்லுங்கள். அங்கே விசில் ஊதிப் பழகிய பிறகு பெரியவர்களிடம் வாருங்கள்.

இதைப் படிக்கிற ரசிகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தச் சட்டைக்குள் இருப்பது 21 வயதுப் பிள்ளை. நம் வீட்டுப் பிள்ளையை அப்படிப் பிடிக்க விடுவோமா?

கேள்வி: லைன் ஜட்ஜாக நிற்கிறேன். போன வாரம் பந்து விழுந்த நொடியில் ஒரு வீரர் குறுக்கே வந்துவிட்டார். எனக்குத் தெரியவே இல்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று "உள்ளே" எனக் கொடியைத் தாழ்த்திவிட்டேன். அது சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் தூக்கம் வரவில்லை. (கல்லூரி மாணவி)

பதில்: தூக்கம் வராமல் இருந்ததே, அதனால்தான் நீங்கள் இந்த வேலைக்கு ஏற்றவர் என்கிறேன்.

பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லலாம். அதற்கென்று விதிப் புத்தகத்திலேயே சைகை இருக்கிறது. கொடியோடு சேர்த்து இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்ட வேண்டும். டென்னிஸில் கோட்டு நடுவர்கள் இரண்டு கைகளாலும் கண்ணை மறைத்துக் காட்டுவார்கள். இத்தனை பெரிய விளையாட்டுகளை வகுத்தவர்கள், மனிதக் கண்ணுக்கு எதிரே இன்னொரு மனிதர் வந்து நிற்கக் கூடும் என்று முன்பே யோசித்து இடம் விட்டிருக்கிறார்கள்.

ஓர் இறுதிப் போட்டியில் நான் மேடையில் இருந்தேன். ஐந்தாவது செட், 14-13. நீளமாக அடித்த பந்து பின்கோட்டின் பக்கம் விழுந்தது. என் கண் வலையில் இருந்தது, நான் பார்க்கவில்லை. லைன் ஜட்ஜைப் பார்த்தேன். உங்கள் வயதுதான் இருக்கும். முகம் வெளிறிப் போயிருந்தது. மெதுவாக இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்தாள். அரங்கமே கத்தியது. அவள் கையை எடுக்கவில்லை. இரண்டாவது நடுவரைப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்தி, அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னேன். இரண்டு அணியும் முணுமுணுத்துக்கொண்டே இடத்துக்குப் போயின. பந்து மறுபடி சர்வீஸ் போடுகிறவர் கைக்கு வந்தது.

அடுத்த முறை கண்ணை மறைத்தால் நீங்களும் கைகளைக் குறுக்காக வையுங்கள். மேடையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.